காப்பி பாலில் சேராது

மதுரையில் நாற்பதைத் தாண்டிய ஆம்பளை இளைத்தால் ஊருக்குத் தெரிந்த காரணம் இரண்டுதான். ஒன்று சுகர், இன்னொன்று கடன். எனக்கு இரண்டுமே இல்லை என்றேன். சுகர் இல்லை என்பதை லேப் ரிப்போர்ட் பார்த்து நம்பினார்கள். கடன் இல்லை என்பதை என் மனைவிகூட நம்பவில்லை.

சாப்பிட்டு எழுந்தால் வயிறு உப்பிக்கொள்ளும். உள்ளே கடமுடா என்று சத்தம். அடுத்து ஓட்டம். நாலு படி ஏறினால் களைப்பு. பேண்ட் இடுப்பில் நிற்காததால் பெல்ட்டில் ஆணியை வைத்து அடித்து நானே ஒரு புது ஓட்டை போட்டேன். அது கோணலாக விழுந்தது. அன்றிலிருந்து பக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"மாப்ள, திங்கிறதெல்லாம் எங்கதான் போகுது? ஒடம்புல ஒட்டவே மாட்டேங்குதே" என்றார் மாமியார். பின்னால் கேஸ்ட்ரோ டாக்டரும் அதையேதான் சந்தேகப்பட்டார், மால்அப்சார்ப்ஷனாக இருக்குமோ என்று. மாமியார் கன்சல்டேஷன் ஃபீஸ் வாங்கவில்லை என்பதால் நான் அதை மதிக்கவில்லை.

விவரம் தெரியாமல் டாக்டரிடம் போய் உட்காரக் கூடாது, படித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது என் கொள்கை. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டிடமும் அப்படித்தான் படித்துவிட்டுப் போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

படித்ததில் முதலில் ஆச்சரியப்படுத்தியது சிறுகுடல்தான். சுமார் ஆறு மீட்டர் நீளம். உட்சுவர் முழுக்கக் கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டி விரல்கள், அந்த விரல்களின் மேல் அதைவிடக் குட்டி மயிரிழைகள். சோற்றிலும் குழம்பிலும் இருக்கிற சத்தெல்லாம் அந்த வழியாகத்தான் ரத்தத்துக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஒரு டென்னிஸ் கோர்ட் அளவு வரும் என்று ரொம்ப காலம் பாடப்புத்தகங்களில் எழுதி வந்தார்கள். 2014இல் ஸ்வீடன்காரர்கள் இரண்டு பேர் மறுபடி அளந்து பார்த்து, மொத்தக் குடலுக்கும் சேர்த்தே 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். நம்மூர்க் கணக்கில் முக்கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். எனக்கென்று பட்டாவோடு இருந்தது அது ஒன்றுதான், அதிலும் ரீசர்வேயில் குறைத்துவிட்டார்கள்.

அந்த முக்கால் சென்ட்டுக்குள் இடம் பிரித்து வேலை நடக்கிறது. இரும்புச்சத்து வாசலிலேயே, டியோடினத்தில், உள்ளே போய்விடும். ஃபோலேட் அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில். பி12 மட்டும் கடைசிக் கோடி வரை போய் இலியத்தின் முடிவில்தான் இறங்கும். அதுவும் சும்மா இறங்காது. வயிற்று அமிலம் அதை உணவிலிருந்து பிரித்துவிட வேண்டும், பிறகு இரைப்பையில் ஊறும் 'இன்ட்ரின்சிக் ஃபேக்டர்' என்ற ஒரு புரதம் கூடவே துணைக்குப் போக வேண்டும். எனக்குள் இவ்வளவு ஏற்பாடு இருக்கிறதே என்று பெருமையாக இருந்தது. அந்த அமிலத்தை நான் என்ன செய்து வைத்திருந்தேன் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அடுத்தது, மிதப்பு. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போய்விடலாம்.

கொழுப்பு சரியாகச் செரிக்காவிட்டால் மலம் மிதக்கும் என்று எங்கேயோ படித்தேன். பழைய வீட்டில் இந்தியன் டாய்லெட் இருந்த வரைக்கும் இந்த ஆராய்ச்சிக்கே வழியில்லை. இப்போதைய வீட்டில் வெஸ்டர்ன். தினமும் காலையில் குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். மிதந்தது! "உள்ள இவ்வளவு நேரம் என்னங்க பண்றீங்க?" என்று மனைவி கதவைத் தட்டினாள். "ரிசர்ச்" என்றேன். கீசரை ஆஃப் செய்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ரிசர்ச்சை எனக்கு முன்பே, 1972இலேயே, அமெரிக்காவில் லெவிட், டுவேன் என்று இரண்டு பேர் செய்து நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதிவிட்டார்கள். மிதப்பதற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே அடைபட்டிருக்கும் வாயு, கொழுப்பு இல்லை. அழுத்தம் கொடுத்து அந்த வாயுவைச் சுருக்கினால் மிதந்தது முழுகிவிடுகிறது. கொழுப்புக் கோளாறு என்றால் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரியும், பீங்கானில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், எத்தனை முறை ஃப்ளஷ் செய்தாலும் லேசில் போகாது. "அப்படி இருக்கா சார்?" என்று டாக்டர் பின்னால் கேட்டபோது, "இல்லை" என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பிறகு யூடியூப் வந்து கோதுமையைப் பிடித்துக் கொடுத்தது. சீலியாக் என்று ஒரு நோய். கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் பட்டால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தக் குட்டி விரல்களைத் தாக்கி மழுங்கடித்துவிடும். நெதர்லாந்தில் டிக்கே என்ற குழந்தை டாக்டர் பல வருஷம் சந்தேகப்பட்டு, 1950இல் ஆய்வேடு எழுதிக் கோதுமைதான் வில்லன் என்று நிலைநாட்டினார். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அங்கே பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காதபோது, அவரிடம் வந்த சீலியாக் குழந்தைகள் தேறினார்களாம். அவருக்குப் பல வருஷம் பிடித்த முடிவுக்கு நான் ஒரே ராத்திரியில், ஆட்டோ-பிளேயில், வந்து சேர்ந்தேன்.

மறுநாளே "இனிமே நான் க்ளூட்டன் ஃப்ரீ" என்று வீட்டில் அறிவித்தேன். சப்பாத்தி கட். இன்னொரு வீடியோ பருப்பு வாயு என்றது, பருப்பு கட். இன்னொன்று முட்டை, பழம், தயிர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னது, நிறுத்தினேன். அதற்குப் பிறகு இன்னும் இளைத்தேன். பாருங்கள், நோய் முற்றுகிறது என்று மனைவியிடம் சொன்னேன். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்றாள். வெறும் ரசஞ்சாதம். அதுவும் பாதி.

கடைசியில் டாக்டரிடம் போனேன். தனியாகத்தான். முப்பதைத் தாண்டாத பெண் டாக்டர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பால் குடிப்பீங்களா சார்?"

"சின்ன வயசுலயே விட்டுட்டேன் டாக்டர்."

"ரெகுலரா ஏதாவது மாத்திரை?"

"ஒண்ணுமே கிடையாது."

கோர்ட்டில் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் இதே பதில்தான். இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு அந்தப் பெண் பிறகு எத்தனை டெஸ்ட் எழுத வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பில் என் பெயரில்தான் வந்தது என்பதால் கூச்சம் கொஞ்சம் குறைவு.

அதோடு விட்டேனா? எனக்கு ட்ராபிக்கல் ஸ்ப்ரூவாக இருக்கலாம் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அதுவும் படித்ததுதான். 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் வயிற்றுப்போக்கு கொள்ளைநோயாகவே பரவி, தின்றது எதுவும் சேராமல் ஜனங்கள் எலும்பும் தோலுமாகப் போனார்கள். வேலூர் சி.எம்.சி.யில் பேக்கரும் மாத்தனும் அதைத் துருவி எழுதியவை இன்றைக்கும் அந்த நோயைப் பற்றிய முக்கியமான வேலை. ஃபோலிக் ஆசிடும் டெட்ராசைக்ளினும் மாதக்கணக்கில் கொடுப்பது வைத்தியம். "எங்கம்மா வழித் தாத்தா வட ஆற்காடுதான் டாக்டர்" என்றேன். "அது பரம்பரையா வர்றதில்ல சார். இப்ப ரொம்பக் குறைஞ்சும் போச்சு" என்றார். பூர்வீகச் சொத்தில் இதுவும் எனக்கு வரவில்லை.

"சரி, சீலியாக்குக்கும் ரத்தம் பாத்துடலாம்" என்று டிடிஜி ஐஜிஏ என்று ஒன்று எழுதினார். கூடவே மொத்த ஐஜிஏவும். அது இயல்பிலேயே குறைவாக இருக்கிறவர்களுக்கு, நோய் இருந்தாலும் முதல் டெஸ்ட் இல்லை என்று காட்டிவிடுமாம். நான் காலரைத் தூக்கிக்கொண்டு, "நான் கோதுமையைத் தொட்டே ரொம்ப நாளாச்சு டாக்டர்" என்றேன். பேனா நின்றுவிட்டது.

"அய்யோ, அப்ப டெஸ்ட் வீணாச்சே சார். கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாத்தான் அந்த ஆன்டிபாடி ரத்தத்துல தெரியும். மறுபடியும் சப்பாத்தி ஆரம்பிச்சு, ஆறு வாரமாவது கழிச்சு வாங்க" என்றார். எழுந்திருக்கப் போனேன். என்ன தோன்றியதோ, "வேற என்னென்ன சாப்பிட்டீங்க?" என்றார். சொன்னேன். ரவா தோசை, சேமியா உப்புமா, ராத்திரியில் அவ்வப்போது பரோட்டா.

"பரோட்டாவா?"

"அது மைதாதானே டாக்டர்."

மைதா கோதுமையிலிருந்து வருகிறது. ரவையும் சேமியாவும் அப்படியே. கடையில் வாங்கும் பெருங்காயத் தூளில்கூடப் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்றார், ஆக அந்த ரசஞ்சாதமும் போயிற்று. நான் ஒரு நாள்கூட க்ளூட்டன் ஃப்ரீயாக இருந்ததில்லை. "நல்லதாப் போச்சு, டெஸ்ட்ட இப்பவே எடுத்துடலாம்" என்று டாக்டர் சிரித்தார். மதுரையில் பரோட்டா சாப்பிட்டதற்காக டாக்டரிடம் பாராட்டு வாங்கியவன் நான் ஒருவன்தான்.

அடுத்து சாம்பிள். மூடியிலேயே குட்டி ஸ்பூன் வைத்த ஒரு டப்பா கொடுத்தார்கள். கிருமி, புழு பார்க்கவும், கணையம் வேலை செய்கிறதா என்று 'எலாஸ்டேஸ்' பார்க்கவும். எவ்வளவு வேண்டும் என்று கேட்க வெட்கம். குறைந்துபோய்த் திரும்ப வரச்சொன்னால் என்ன செய்வது என்று நிரப்பிவிட்டேன். மூடி சரியாக மூடவில்லை. கேரி பேக்குக்குள் கேரி பேக், அதற்கு மேல் ஜவுளிக்கடைக் கட்டைப்பை என்று கட்டி, பைக் ஹேண்டிலில் தொங்கவிட்டுக் கிளம்பினேன். சிக்னலில் பக்கத்து வீட்டுக்காரர். "என்ன சார், காலையிலேயே பார்சலா?" ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்வது?

லேபில் இருந்த அக்கா டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சுண்டைக்காய் அளவு போதும் சார்" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

இதாவது பரவாயில்லை. முன்பெல்லாம் தினமும் 100 கிராம் கொழுப்பு சாப்பிட வைத்து, 72 மணி நேரம் போவதை மொத்தமாகச் சேர்த்து லேபில் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 7 கிராமுக்கு மேல் கொழுப்பு வெளியேறினால் கோளாறு. பி12க்கு ஷில்லிங் டெஸ்ட் என்று இருந்தது. கதிரியக்கம் ஏற்றிய பி12ஐ விழுங்கிவிட்டு 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அது இப்போது வழக்கொழிந்துவிட்டது. இல்லாவிட்டால் அந்த சிக்னலில் நான் கேனோடு நின்றிருப்பேன்.

ரிப்போர்ட் வந்தது. சீலியாக் இல்லை. கணையம் நார்மல், தைராய்டு நார்மல், புழு இல்லை. இரும்பும் நார்மல், ஆகவே இதற்கிடையில் நானாக வாங்கிக் காப்பியோடு சேர்த்து விழுங்கி வந்த அயர்ன் மாத்திரை வீண். காப்பி, டீயோடு சாப்பிட்டால் இரும்பு சரியாக உள்ளே போகாதாம், அந்த வகையில் வீணும் முழுமையாகவே நடந்திருக்கிறது. பி12 மட்டும் தரையில் கிடந்தது. "சைவமா சார்?" என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை கறிதோசையைப் பற்றிச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கினார். கறி தின்கிற ஆளுக்கு பி12 ஏன் குறைய வேண்டும்? எனக்கும் புரியவில்லை. இருவரும் ஒரே மாதிரி யோசித்தோம், ஒருவர் படித்திருந்தார்.

வயிறு உப்புவதற்காக மூச்சுப் பரிசோதனை எழுதினார். இந்த டெஸ்ட் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பாலில் இருக்கும் சர்க்கரை லாக்டோஸ். அதை உடைக்க லாக்டேஸ் என்ற என்சைம் சிறுகுடல் சுவரில் இருக்க வேண்டும். பால்குடி மறந்தபின் உலகத்தில் பாதிப் பேருக்கு மேல் அது குறைந்துபோகிறது, தென்னிந்தியர்களில் நிறையப் பேருக்கு. உடைபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்கு இறங்கினால் அங்கே குடியிருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன் வாயு விடும். அது ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியே மூச்சில் வரும். மனித செல் எதுவும் ஹைட்ரஜன் தயாரிப்பதில்லை, மூச்சில் இருப்பதெல்லாம் குடலில் குடியிருப்பவர்களின் சரக்குதான். வாடகையும் தராமல், என் மூச்சில் விடுகிறார்கள்.

முதல் நாள் ராத்திரி வெள்ளைச் சோறு, தோலில்லாத கோழி மாதிரி ஏதாவது மட்டும், பால், பருப்பு, பயறு கூடாது என்று சீட்டில் எழுதியிருந்தது. அன்றைக்குப் பிரதோஷம். கோயிலில் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தார்கள். பிரசாதம் சாப்பாட்டுக் கணக்கில் வருமா? காலையில் வெறும் வயிற்றில், எதையும் குடிப்பதற்கு முன்பே, குழாயில் ஒரு ஊது ஊதினேன். மெஷினில் எண் எகிறியது. "ராத்திரி என்ன சார் சாப்பிட்டீங்க?" என்றான் டெக்னீஷியன் பையன். "பிரசாதம்" என்றேன் பக்தியோடு. "வேற ஒரு நாள் வாங்க சார்" என்று அனுப்பிவிட்டான்.

அந்த வேறொரு நாளில் ஒழுங்காகப் போனேன். 25 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். லேசான இனிப்பு. அரை மணிக்கு ஒரு தரம் ஊத வேண்டும். ஆரம்ப அளவிலிருந்து 20 பிபிஎம் கூடினாலே பாசிட்டிவ். முதல் இரண்டு ஊதலில் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு எண் ஏற ஏற வயிறும் கூடவே பாட ஆரம்பித்தது. பக்கத்து நாற்காலிக்காரர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"லாக்டோஸ் ஒத்துக்கல, அது சரி. ஆனா நீங்கதான் பாலே குடிக்கிறதில்லயே" என்று டாக்டர் மறுபடி குழம்பியபோது என் மனைவி பக்கத்தில் இருந்தாள். கீசர் காலத்திலிருந்து சேர்த்து வைத்த கோபத்தோடு.

"காலையில எந்திரிச்சதும் ஒரு காப்பி டாக்டர். பேப்பர் படிக்கையில ஒண்ணு. டிபனுக்கு மேல ஒண்ணு. ஆபீஸ்ல எத்தனைன்னு அவரத்தான் கேக்கணும். சாயங்காலம் வந்ததும் ஒண்ணு, அதும் தண்ணி கலக்காத பால்ல. சனிக்கிழமை ஆனா ஜிகர்தண்டா, பெரிய டம்ளர், மேல ஐஸ்கிரீம் எக்ஸ்ட்ரா."

"காப்பி பால்ல சேருமா?" என்றேன் நான். யாரும் பதில் சொல்லவில்லை. 200 மில்லி பாலில் ஏறக்குறைய 10 கிராம் லாக்டோஸ். ஒரு தடவைக்கு 12 கிராம் வரை பெரும்பாலோர் தாங்குவார்கள், சாப்பாட்டோடு என்றால் இன்னும் சுலபம். நான் காலையிலிருந்து ராத்திரி வரை தவணை முறையில் இறக்கியிருக்கிறேன்.

மனைவி முடிக்கவில்லை. "அப்புறம் அந்த கேஸ் மாத்திரை. வெறும் வயித்துல தினமும். எத்தனையோ வருஷமா. மெடிக்கல்ல அட்டை அட்டையா வாங்கி ஃப்ரிட்ஜ் மேல வச்சிருக்காரு."

பேன்டோபிரசோல். எப்போதோ ஒரு நெஞ்செரிச்சலுக்கு எழுதிக் கொடுத்தது. நிறுத்தச் சொன்னார்களா என்பதே மறந்துபோய், பல் தேய்ப்பது போலப் பழகிவிட்டது. பல் தேய்ப்பதை யாராவது மாத்திரை லிஸ்டில் சொல்வார்களா? அமிலத்தை வருஷக்கணக்கில் அணைத்துவைத்தால் கறியிலிருந்து பி12 பிரிந்து வருவதே கஷ்டம். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இத்தனை நாள் லேபில் தேடியது ஃப்ரிட்ஜ் மேல் இருந்திருக்கிறது.

இளைத்ததற்கும் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பெரும்பாலும் சாப்பிடாததால்தான் இளைத்திருக்கிறேன். பருப்பு, முட்டை, பழம் எல்லாம் திரும்பி வந்தன. பி12 ஊசி போட்டார்கள். கேஸ் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிடப் பொங்கும் என்று மெதுவாகக் குறைத்துவிட்டார். எடை ஏறாவிட்டால் எண்டோஸ்கோப்பி என்று மிரட்டியும் வைத்தார், ஆனால் ஏறிவிட்டது. பெல்ட்டில் கோணல் ஓட்டைக்கு வேலையில்லை.

தயிர் கதைதான் எனக்கு ஆறவே இல்லை. உறை ஊற்றும்போதே பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது, மிச்சத்தை உடைக்கவும் அதுவே உதவுகிறது. என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற பால் பொருள் அது. அதைத்தான் நிறுத்தியிருந்தேன். தினமும் மோர் ஆற்றி நீட்டிய மாமியாரிடம், "அத்தை, மோர் எனக்கு அலர்ஜி" என்று சொல்லிவிட்டு அவர் கையாலேயே காப்பி வாங்கிக் குடித்திருக்கிறேன்.

உங்களுக்கும் வயிற்றில் ஏதாவது கடமுடா என்றால் யூடியூபைப் பார்த்துச் சப்பாத்தியை நிறுத்தாதீர்கள், முதலில் டாக்டரிடம் போங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள். வீட்டில் உங்கள் மேல் யாருக்கு அதிகக் கோபம் இருக்கிறதோ, அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.